ஆசிட்டில் குளித்த நங்கூரக் கயிறு

முப்பத்தொரு வயதில் பணி ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மைக் பிடித்தவர் "அன்னாரின் சேவையை" என்று ஆரம்பித்து, அன்னார் உயிரோடு முன்வரிசையில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பாலு தம்பியோட சேவையை" என்று திருத்திக்கொண்டார். ஆக, முறைப்படி ஓய்வுதான். ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில், ஒரே குடும்பத்துக்குச் சொந்தமான மூன்று விசைப்படகுகளின் கயிறுகளை எட்டு வருடம் கழுவி, காயவைத்து, தைத்துப் பார்த்துக்கொண்டவன் நான். இப்போது புதுக்கோட்டையில் லிப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் இருக்கிறேன். அங்கேயும் கயிறுதான். இரும்புக் கயிறு என்பதால் குளிப்பாட்ட வேண்டியதில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் தேன்மொழி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவரும் என்னை மாதிரி டிப்ளமாதான். கார் கழுவுகிற பிரஷர் மெஷின் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார்கள். துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு கயிற்றின் மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். கயிறு பாம்பு மாதிரி துள்ளுகிறது. கீழே ஒரு கேள்வி: "சூப்பரா அழுக்கு போகுதுண்ணே. செய்யலாமா?"

செய்யக்கூடாது என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார். வெளியே இருக்கிற மணலை அது உள்ளே தள்ளிவிடும் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குக் கீழே வேலை பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்; அல்லது இன்னும் மோசமாகக் கேட்டிருப்பார். எப்படியோ, அதற்குப் பதில் டைப் அடிக்கப் போய்த்தான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

நான் கந்தர்வக்கோட்டைக்காரன். முந்திரிக்காட்டில் வளர்ந்தவனுக்குக் கடல் என்பது புவியியல் பாடம். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்ததும் போட்டு (விசைப்படகுக்கு அங்கே அதுதான் பெயர்) என்ஜின் பார்க்கிற வேலை என்றுதான் கடற்கரைக்குப் போனேன். முதல் நாள் என்னைக் கடலுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் முந்தின நாள் சாப்பாடு வந்தது. இரண்டாவது மணி நேரத்தில் அதற்கு முந்தின நாள் சாப்பாடு வந்தது. மூன்றாவது பயணத்துக்குப் பிறகு, "இவரால மீனுக்குத்தான் லாபம்" என்று சொல்லி என்னைக் கரையில் இறக்கிவிட்டார்கள். கரையில் காலியாக இருந்தது கயிற்றுக் கொட்டகை வேலை ஒன்றுதான். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னபோது, மாடு கட்டுகிற கயிற்றை முறுக்கிக்கொண்டே கேட்டார்: "கயித்தைக் குளிப்பாட்டுற வேலைக்காடா மூணு வருசம் பாலிடெக்னிக் போன?" பெண் பார்க்கப் போன இடத்தில் அவரே, "பையன் மரைன் ரோப் மெயின்டனன்ஸ்ல இருக்காப்ல" என்றார். பெண் வீட்டார் கப்பல் வேலை என்று நினைத்து இன்னொரு தட்டு மிக்சர் வைத்தார்கள்.

என் மேலதிகாரியின் பெயர் சுமதி. போட்டு முதலாளி வீட்டு மருமகள், பி.காம்., என்னைவிட இரண்டு வயது சின்னவர். கணவர் கத்தாரில். மூன்று போட்டுக்கும் ஐஸ், டீசல், ஆள், கயிறு எல்லாம் அவர் பார்வைதான். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. மனநிலையை அவர் கூப்பிடுகிற விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தால் "அண்ணே". வேலை சரியில்லை என்றால் "பாலு". ஆபத்து என்றால் "சார்". ஒருமுறை "பாலு சார், கொஞ்சம் இங்கிட்டு வாரீங்களா" என்று கூப்பிட்டபோது, ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கயிறு கழுவுவதில் அவருக்கென்று ஒரு பரீட்சை இருந்தது. கடலிலிருந்து வந்த கயிற்றை முதலில் வெறும் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தொட்டியில் சும்மா அமுக்கிப் போடக்கூடாது. தளர்வாகச் சுருட்டி, பழைய வலைத் துண்டில் பொட்டலம் மாதிரி கட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் எடுக்கும்போது சிக்கு எடுத்தே அன்றைய பொழுது போய்விடும். மறுநாள் தண்ணீரை மாற்றி, ஒரு கை சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் முறுக்கு போகிற போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் மணல் உள்ளே போகும். பிறகு இரண்டு கையாலும் எதிர்ப்பக்கம் திருக்கி, புரிகளைக் கொஞ்சம் விரித்து, உள்ளே தண்ணீர் விட வேண்டும். உப்பு காய்ந்தால் உள்ளே கண்ணாடித்தூள் மாதிரி ஆகிவிடும். போட்டு இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் நூலை உள்ளிருந்தே அறுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மூன்றாவது தண்ணீர் அலசி முடிந்ததும் சுமதி வருவார். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, தொட்டியில் ஆள்காட்டி விரலை நனைத்து, நாக்கில் வைப்பார். ஹோட்டலில் சாம்பார் ருசி பார்க்கிற மாதிரி ஒரு வினாடி மேலே பார்ப்பார்.

"உப்பு இருக்குங்களே."

"மூணு தண்ணி மாத்திட்டேங்க."

"நாலுன்னு ஒரு நம்பர் இருக்குங்கள்ல?"

அவ்வளவுதான் பேச்சு. நானும் ருசி பார்க்கக் கற்றுக்கொண்டேன். டிப்ளமாவில் எதற்கெல்லாமோ மீட்டர் கொடுத்தார்கள். இதற்கு நாக்கு.

தண்ணீருக்கு வேறு சண்டை. லாரியில் வருகிற தண்ணீரைக் குடத்தில் பிடிக்க நிற்கிற தெருவில், ஒருவன் தொட்டி நிறைய ஊற்றிக் கயிற்றை ஊறப்போட்டால் சும்மா விடுவார்களா? "குடிக்க ஒரு கொடத்துக்கு இங்க லோல் படுறோம், கயித்துக்கு நாலு தண்ணியா? அது என்ன ஒங்க மாமன் மகளா?" என்று ஒரு அக்கா கேட்டார். நான் மூளையைப் போட்டு ஒரு ஏற்பாடு செய்தேன். நான்கு தொட்டி வரிசையாக. ஒரு கயிற்றின் கடைசி அலசல் தண்ணீர், அடுத்த கயிற்றுக்கு மூன்றாவது. அதுவே அதற்கடுத்ததற்கு இரண்டாவது. இப்படியே பின்னால் போகும். பாதித் தண்ணீர் மிச்சம். சுமதி அன்றைக்கு "அண்ணே, நல்லாருக்குண்ணே" என்றார். இரண்டு தடவை அண்ணே. நான் கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை.

காயவைப்பது நிழலில்தான். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே என்று எல்லாரும் கேட்பார்கள். காயும், கயிறும் சேர்ந்து காலியாகும். பிளாஸ்டிக் வாளியை மொட்டைமாடியில் ஒரு வருடம் வைத்தால் கைப்பிடி என்ன ஆகிறதோ அதேதான். கொட்டகைக்குள் குறுக்கே மூங்கில் கட்டி, தரையில் படாமல் பெரிய பெரிய வளையமாகத் தொங்கவிட வேண்டும். காய்ந்த பிறகு முழம் முழமாகக் கையில் ஓட்டிப் பார்ப்பது. போட்டு விளிம்பில் உரசுகிற இடத்தில் மயிர் பிரிந்திருக்கும். அங்கே பழைய ஹோஸ் குழாயைப் பிளந்து மாட்டுவேன். வருடத்துக்கொருமுறை தலைமாற்றிக் கட்டுவேன். நங்கூரத்தில் இருந்த முனை போட்டுக்கு, போட்டில் இருந்தது நங்கூரத்துக்கு. தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டு இருந்திருந்தால் எழுத ஒன்றுமிருக்காது. எனக்குப் படிப்பு இருந்ததால் அப்படி இருக்க முடியவில்லை.

மூன்றாவது வருடம், மீன்பிடித் தடைக்காலம். கோடையில் இரண்டு மாதம் எல்லாப் போட்டும் கரையில் நிற்கும். கயிறுகளுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக் காலம். இரண்டாவது போட்டின் நங்கூரக் கயிறு என் கைக்கு வந்தது. கட்டைவிரலைவிடப் பருமனான நைலான், நூறு மீட்டருக்குக் குறையாது. அந்தப் போட்டுக்கு என்ஜின் மாற்றுவதற்காக மாதக்கணக்கில் கழிமுகத்தில் நிறுத்தியிருந்தபோது இந்தக் கயிற்றால்தான் கட்டிப்போட்டிருந்தார்கள். அதனால் நடுவில் ஒரு இருபது மீட்டருக்குக் கொட்டலசு பிடித்துப்போயிருந்தது. கல்லிலும் கட்டையிலும் ஒட்டிக்கொண்டு வளருமே, கையை வைத்தால் பிளேடு மாதிரி கிழிக்குமே, அந்தக் குட்டிச் சிப்பிதான்.

அதை எடுக்கிற முறை எளிது. ஆனால் எரிச்சல் பிடித்தது. மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நொறுக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சத்தைக் கையால் பொறுக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு அரை நாள். இரண்டு மீட்டர் முடித்தபோது என் கையில் பதினொரு வெட்டு. அப்போதுதான் பிளஸ் ஒன் வேதியியல் என் தலைக்குள் மணி அடித்தது. சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்கும். அமிலம் எங்கே இருக்கிறது? கக்கூஸ் கழுவுகிற ஆசிட், மளிகைக்கடையில், பாட்டில் பாட்டிலாக.

என்னவோ நோபல் பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி ஒரு வாளியில் கலந்து, கயிற்றின் நடுப்பகுதியை உள்ளே விட்டேன். சர்ரென்று நுரைத்தது. சோடா பாட்டில் திறந்த மாதிரி. மாலைக்குள் ஒரு சிப்பி இல்லை. அழுக்கும் இல்லை, பாசியும் இல்லை. கடையிலிருந்து வந்த அன்றைக்குக்கூட அந்தக் கயிறு அவ்வளவு வெள்ளையாக இருந்திருக்காது. நன்றாக அலசி, நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. சுமதியும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "அண்ணே, என்னண்ணே செஞ்சீங்க?" என்றார். நான் "ஒரு டெக்னிக்குங்க" என்றேன்.

இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. டெக்னிக்காம்.

அந்தப் போட்டின் டிரைவர் செல்வம் அண்ணன். மணமேல்குடிக்காரர், நாற்பது வயது, எதையும் நம்பாதவர். வானிலை அறிக்கையை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார், என்னை ஆரம்பத்திலிருந்தே நம்பியதில்லை. அவரே கயிற்றைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். "கடக்கரையிலேயே நம்ம போட்டுக்குத்தான்யா வெள்ளைக் கயிறு. கல்யாணத்துல மாப்பிள்ள வேட்டி மாதிரி இருக்கு பாரு!" பக்கத்துப் போட்டுக்காரர்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மூங்கிலில் சாய்ந்து அடக்கமாக நின்றேன்.

தடைக்காலம் முடிகிறதற்கு முந்தின நாள் கடலுக்குப் போகிற எல்லாப் போட்டிலும் பூஜை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பூஜையில் நங்கூரக் கயிற்றுக்கு மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவார்கள். மஞ்சள் வைத்த கயிற்றில், போட்டு ஒருமுறை கடலுக்குப் போய்த் திரும்பும்வரை கத்தி படக்கூடாது. முடிச்சு விழுந்தால் அவிழ்க்கலாம், அவிழவில்லை என்றால் அப்படியே கிடக்கலாம், வெட்டக்கூடாது. ஒன்றையும் நம்பாத செல்வம் அண்ணன் நம்புகிற ஒரே விஷயம் இதுதான்.

மறுநாள் காலை. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கியாயிற்று. ஐஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு போட்டாக ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புகிறது. நான் இரண்டாவது போட்டின் முன்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கறுப்பு பேண்ட். தொடையெல்லாம் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருந்தது. சோப்புத்தூள் சரியாக அலசவில்லையோ என்று விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். ருசியே இல்லை. தூள் வருகிற இடத்தில், கயிற்றின் மேலிருந்து ஒரு நூலைக் கிள்ளி இழுத்தேன்.

நல்ல நைலான் நூலை வெறும் கையால் இழுத்தால் விரல் அறுபடும், நூல் அறாது. இது இடியாப்பம் மாதிரி வந்தது. இன்னொன்று இழுத்தேன். அதுவும். ஆசிட்டில் முங்கிய இருபது மீட்டரில் எங்கே கிள்ளினாலும் இடியாப்பம்தான். போனை எடுத்துத் தேடினேன். அமிலம் நைலானை என்ன செய்யும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. சிப்பிக்குப் பிளஸ் ஒன் பாடத்தை நினைத்தவன் நைலானுக்கு நினைக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமலே இருந்தால் என்ன என்று யோசித்தேன். நங்கூரம் போடுகிற தேவையே வராமல் போகலாம். திரும்பி வந்ததும் கமுக்கமாக மாற்றிவிடலாம். ஆனால் அது கச்சான் காற்று அடிக்கிற மாதம். மேற்கேயிருந்து விடாமல் தள்ளும். கடலில் என்ஜின் நின்றுபோனால் போட்டைப் பிடித்து நிறுத்துவது நங்கூரம் ஒன்றுதான். அது அறுந்தால் போட்டு கிழக்கே ஒதுங்கும். கிழக்கே எல்லை. எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கத்துக் காவல் படகு, சிறை, வருடக்கணக்கில் நடக்கிற வழக்கு. அந்தப் போட்டில் இருந்தது புதிதாக மாட்டிய, இன்னும் ஓடிப் பழகாத என்ஜின். ஏறப்போவது ஐந்து பேர்.

"செல்வம்ணே, இந்தக் கயிறு வேணாம்ணே. கெட்டுப்போச்சு."

அவர் ஐஸை மட்டையால் பரப்பிக்கொண்டே சிரித்தார். "கெட்டுப்போறதுக்கு அதென்ன மீனா?"

நூலை அறுத்துக் காட்டினேன். "ஒரு மயிரு அறுந்தா தலை மொட்டையாயிருமா? போ தம்பி, அங்கிட்டுப் போ."

"ஆசிட் ஊத்திக் கழுவிட்டேண்ணே."

அப்போதும் அவர் நம்பவில்லை. அடுத்த போட்டுக்காரன் எவனாவது என்னிடம் ஏதாவது சொல்லியிருப்பான், இந்தக் கயிற்றை அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறான் என்றுதான் அவருக்குச் சந்தேகம். கடற்கரையிலேயே அழகான கயிற்றை, அதைக் கழுவியவனே மட்டம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: "இழுத்துப் பாத்துருவோம்யா!"

ஒரு முனையைப் படகுத்துறையின் இரும்புக் கட்டையில் கட்டினார்கள். மறுமுனையில் போட்டு ஆட்கள், ஐஸ் தூக்குகிறவர்கள் என்று பன்னிரண்டு பேர். டீக்கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு வந்து பதின்மூன்றாவதாகச் சேர்ந்தார். "ஐலசா!" ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. கயிறு விறைத்து நின்றது. என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் கழுவிய கயிறு ஒன்று அறுந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அறவில்லை. டீக்கடைக்காரர்தான் சறுக்கி விழுந்தார்.

"பாத்தியா?" என்றார் செல்வம் அண்ணன்.

"அண்ணே, பதிமூணு பேரும் சேந்து இழுத்தா ஒரு டன்னு வருமாண்ணே? போட்டு அலையில ஏறி எறங்குறப்ப ஒரு வெட்டு வெட்டும்ல, அது பல டன்னுண்ணே. அதுலயும்..."

"கணக்கு வாத்தியாரே, நேரமாவுது. கயித்த ஏத்துய்யா."

கூட்டம் சிரித்தது. நியாயமான சிரிப்பு. வெளியே இருந்து இந்தக் கயிற்றை நிரூபிக்க வழி கிடையாது. விரித்துப் பார்க்கலாம் என்றால் பதின்மூன்று பேர் இழுத்த இழுப்பில் புரிகள் கல்லாக இறுகிவிட்டிருந்தன; விரல் நுழையவில்லை. பக்கத்தில் மீன் கூடை மேல் ஒரு கத்தி கிடந்தது. நான் யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். எடுத்தேன், கயிற்றின் நடுவில் வைத்தேன், ரம்பம் மாதிரி இழுத்தேன். நல்ல கயிறாக இருந்தால் எனக்கு வியர்த்திருக்கும். வாழைத்தண்டு மாதிரி போனது. அல்லது கத்தி அவ்வளவு கூர்மையோ, அதுவும் தெரியாது.

"வெட்டிப்புட்டான்யா!" செல்வம் அண்ணன் தலையில் கையை வைத்தார். "மஞ்ச வச்ச கயித்த வெட்டிப்புட்டான்! நான் இனி இந்தப் போட்டுல ஏற மாட்டேன். யாரும் ஏறாதீங்கடா!"

சுமதி வந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது. என் கையில் கத்தி, கீழே இரண்டாகக் கயிறு. அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"என்ன சார் நடக்குது?"

சொன்னேன். ஆசிட், பாட்டில் எண்ணிக்கை, வேதியியல், எல்லாம். அவர் குந்தி உட்கார்ந்து வெட்டுவாயைக் கையில் எடுத்து, புரியைத் திருக்கி விரித்தார். வெளிநூலை இழுத்தார், அறுந்தது. உள்நூல் ஒன்றைத் தேடி இழுத்தார். அறவில்லை. விரலைச் சுற்றி இன்னும் பலமாக இழுத்தார். அறவில்லை.

"உள்ள நல்லாத்தான இருக்கு?"

"எவ்வளவு தூரம் நல்லாருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. முக்கா பலம் இருக்கலாம். கா பலம் இருக்கலாம்."

"தெரியாமயா சார் வெட்டுனீங்க?"

"தெரியாமத்தாங்க கழுவுனேன். தெரியாததக் கட்டி அஞ்சு பேர அனுப்பச் சொல்றீங்களா?"

அவர் வெட்டுவாயைக் கீழே வைத்தார். கடைசிப் போட்டும் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தடைக்காலம் முடிந்து முதல் நாள் மீன்பாடு என்பது சும்மா இல்லை. ஐந்து வீட்டு அடுப்பும் இரண்டு மாதமாக அதற்குத்தான் காத்திருந்தது. சுமதி எழுந்தார்.

"மூணாவது போட்டு இன்னும் ரிப்பேர்லதான நிக்குது? அதோட நங்கூரக் கயித்தக் கழட்டி இதுல மாட்டுங்க."

அது தார் மாதிரி கறுத்த கயிறு. உள்ளே உப்பு எடுத்து, நிழலில் காயவைத்து, தலைமாற்றியது. பலத்துக்கு நான் உறுதி. அழகுக்கு இல்லை.

"கயிறு மாறுனா ஆச்சா?" என்றார் செல்வம் அண்ணன். "கத்தி பட்டது பட்டதுதான?"

"கத்தி எந்தக் கயித்துல பட்டுச்சு?"

"வெள்ளைல."

"அது போட்டோட போகுதா?"

"இல்ல."

"அப்பறம் என்னங்கண்ணே? போற கயித்துக்கு மஞ்ச வைப்போம். எலுமிச்சம்பழம் நாங் கொண்டாரேன்."

இந்தச் சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது செல்வம் அண்ணனுக்கு அதுவரை தெரியாது. சுமதி தானே மஞ்சள் குழைத்தார். கறுப்புக் கயிற்றில் மஞ்சள் பிடிக்கவேயில்லை. சேறு பூசிய மாதிரி இருந்தது. இருந்தாலும் சூடம் கொளுத்தி, பழம் சுற்றி, எல்லாம் முறையாக நடந்தது. ஐந்து பேரும் ஏறினார்கள். செல்வம் அண்ணன் கடைசியாக ஏறும்போது என்னைப் பார்த்து, "வந்து பேசிக்கிறேன்" என்றார். மற்ற போட்டுகள் எல்லாம் போய் இரண்டு மணி நேரம் கழித்து, தன்னந்தனியாக அந்தப் போட்டு கிளம்பியது.

சுமதி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. திட்டவும் இல்லை. அந்த வெள்ளைக் கயிறு முழுவதையும் முழம் முழமாக வெட்டச் சொன்னார், யாரும் தெரியாமல்கூட எடுத்து உபயோகித்துவிடக் கூடாது என்று. அன்று பகல் முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். நல்லது எது, கெட்டது எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசையில் ஒவ்வொரு துண்டையும் விரித்து விரித்துப் பார்த்தேன். சில இடத்தில் உள்நூல் திடமாக இருந்தது. சில இடத்தில் அதுவும் தூள். போட்டு இழுக்கிற இழுப்புக்குத் தாங்கியிருக்குமா என்றால், கயிறு சொல்லவில்லை.

மறுநாள் மதியம் போட்டு திரும்பியது. நான் படகுத்துறையில் நின்றேன். முன்பக்கம் ஏறிப் பார்த்தபோது நங்கூரக் கயிறு நான் எப்படிச் சுருட்டி வைத்தேனோ அப்படியே, ஒரு சுற்றுகூடக் கலையாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

செல்வம் அண்ணன் மீன் கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ஜின் ஜம்முனு ஓடுச்சு. நங்கூரம் போடவே இல்ல. ஒன் வெள்ளைக் கயித்தோடயே போயிட்டு வந்துருக்கலாம்ல? ரெண்டு மணி நேரத்தக் கெடுத்துப்புட்டியே."

"போயிட்டு வந்துருக்கலாம்ணே" என்றேன்.

"இப்ப மட்டும் சொல்லு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அவர் பின்னால் போனார்கள். நான் அவர்களை எண்ணினேன். ஐந்து பேர். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன்.